பாமாவுக்குக் கிடைத்த காடு

பாமாவைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது "பாவம், சாது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் கணவரின் அண்ணன் சேஷகிரி இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. ஜோக் அருவிக்கு எதிரே குடும்பம் முழுக்க வரிசையாக நிற்கிறது. பாமா மட்டும் அதில் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, "பாவம், பாமாவுக்கு மட்டும் குடுத்து வைக்கல" என்பார். குடுத்து வைக்காதது யாருக்கு என்பது எனக்குத் தெரியும். நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வருகிறேன். எத்தனை நாள்தான் மூடிக்கொண்டிருப்பது?

என் பெயர் ஜூடித். கண்டோன்மென்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நானும் பாமாவும் டீச்சர்கள். நான் ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. பள்ளிக்கு நடந்தே போவேன், கணக்கு எடுப்பேன், கோபம் வந்தால் டஸ்டரால் மேஜையை அடிப்பேன். பாமா மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் மாறி வருவாள், பூகோளம் எடுப்பாள், அவள் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. சுதந்திரம் வந்த வருஷம் இருவரும் ஒன்றாக வேலையில் சேர்ந்தோம். ஆரம்பத்தில் ஸ்டாஃப் ரூம் பானைத் தண்ணீரைக்கூட அவள் தொடமாட்டாள். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் சமயம் என் டிபன் டப்பாவைத் திறந்து, கேட்காமலே கல்கல் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் நீ, வா, போதான்.

அவள் வீடு கூட்டுக் குடும்பம். சேஷகிரி மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக, அதாவது தாசில்தாராக, இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்பதுகூட அவர் காதுக்குப் போய்த்தான் அடுப்புக்கு வரும். அவர் மனைவி ருக்மிணி சமையலறையைவிட்டு அதிகம் வெளியே வராதவர். பாமாவின் கணவர் ஸ்ரீகண்டன் மின்சார இலாகாவில் வேலை. நல்ல மனிதர், அண்ணா சொன்னால் சரி என்பவர். நல்ல மனிதர்கள் தலையாட்டிக்கொண்டே செய்கிற அநியாயத்தை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

எங்கள் பூகோளப் புத்தகம் சீமையில் அச்சடித்தது. அதில் மழைக்காடு என்று ஒரு பாடம். படம் எல்லாம் காங்கோ, அமேசான். வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் பாமா அதை எடுப்பாள். பக்கத்து வகுப்பில் நான் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், நடுவில் பலகைத் தடுப்புத்தான், அவள் சொல்வதெல்லாம் எனக்கும் கேட்கும். மரங்கள் மேலே கூடி மூடிக்கொள்ளும், வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே இலைக்கு இலை சொட்டி மழை பெய்துகொண்டே இருக்கும் என்று அவள் சொல்கிற இடம் வரும்போது நானே கணக்கை நிறுத்திவிட்டுக் கேட்டதுண்டு. ஐம்பத்தேழாம் வருஷம் மௌரீன் என்கிற சிறுமி எழுந்தாள். உள்ளே எவ்வளவு நேரம் பெய்யும் மிஸ் என்று கேட்டாள். பாமா ஏதோ சமாளித்தாள். அந்தக் குட்டி விடவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா மிஸ் என்றாள்.

இல்லை என்று பாமா சொன்னது தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பத்து வருஷமா பாக்காததைப் பாத்த மாதிரி சொல்லிண்டிருக்கேன், ஜூடித். காங்கோக்குப் போகவேண்டாம். நம்ம ஸ்டேட்லயே இருக்கு. ஒரு ராத்திரி ரயில்ல போற தூரம்."

பிள்ளை இல்லாத வீட்டில், தினமும் பள்ளியும் பஸ்ஸும் மாவரைப்பதுமாக இருந்தவள், தனக்கென்று ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மழைக்காட்டுக்குள் நிற்க வேண்டும். மழை வெளியே விட்ட பிறகும் உள்ளே பெய்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. வைரத்தோடு கேட்கவில்லை.

பிறகு இரண்டு மாதம் அவள் திட்டம் போட்டாளே, அதைப் பார்த்திருக்க வேண்டும். கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்த மறுநாள் கிளம்புவது. எங்கள் பள்ளியில் தசராவை ஒட்டி விடுகிற மைக்கேல்மாஸ் லீவு அப்போதும் ஒரு வாரம் பாக்கியிருக்கும். ஷிமோகாவரை ரயில், அங்கிருந்து தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பேப் பக்கம் போகிற சர்வீஸ் பஸ். காட்டை ஒட்டி மஞ்சப்பையா என்பவரின் பாக்குத் தோட்டம். அவர் மகள் எங்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், அவள் மூலம் தங்க இடம் பேசியாகிவிட்டது. பாமா, ஸ்ரீகண்டன், நான், மூன்றே பேர். சூரியன் மறைவதைப் பார்க்க ஜனங்கள் கூடுகிற மேடைப் பக்கமே போகக் கூடாது. ஜோக் அருவி கூடாது. முறுக்கு விற்கிறவனும் போட்டோ பிடிக்கிறவனும் நிற்கிற எந்த இடமும் கூடாது. காட்டுக்குள் போவது, பேசாமல் நிற்பது, நனைவது.

மழை நன்றாக விட்ட பிறகு டிசம்பரில் போகலாமே என்று ஸ்ரீகண்டன் கேட்டாராம். மழைக்காட்டை மழையில்லாமல் பார்ப்பதற்குப் புத்தகமே போதுமே என்று இவள் சொல்லியிருக்கிறாள். அட்டைக்கு என்ன செய்வது என்று பயந்தவள் நான். அதற்கும் வழி வைத்திருந்தாள். என் தம்பி டெஸ்மண்ட் ஃபுட்பால் ஆடுகிறவன், அவனுடைய முழங்கால்வரை வருகிற சாக்ஸ் இரண்டு ஜோடியைத் துவைத்து வாங்கிக்கொண்டாள். சாக்ஸில் தூவ மூக்குப்பொடி ஒரு டப்பா வாங்கினாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு போயிற்று. ஸ்ரீகண்டன் அண்ணாவிடம் சொல்லிவிட்டார். சொல்லாமல் எப்படிப் போவது என்று கேட்கிறவர் அவர். சேஷகிரி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, ஆகும்பேயிலிருந்து சிருங்கேரி கைக்கெட்டும் தூரம், அதுவரை போய் சாரதாம்பாளைத் தரிசனம் பண்ணாமல் வந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். சரி, ஒரு நாள் சிருங்கேரி. உடுப்பியும் இப்போது நம்முடைய ஸ்டேட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, மலை இறங்கினால் கிருஷ்ணன் என்றார். சரி, உடுப்பி. ஜோக் பார்க்காமல் மலைநாட்டிலிருந்து வந்தேன் என்றால் கிளப்பில் சிரிப்பார்கள் என்றார். சாமராஜபேட்டையில் இருக்கிற தங்கை குடும்பத்தை விட்டுவிட்டுப் போனால் மனஸ்தாபம் வரும். இத்தனை பேருக்கு ரயில் சரிப்படாது, வேன் வைத்துக்கொள்ளலாம். கண்ட இடத்தில் சாப்பிட முடியாது, சமையலுக்கு ஆள் வேண்டும். மூன்று பேர் பதினாலு பேர் ஆனார்கள். மூன்று நாள் காடு ஒரு அரை நாளாகச் சுருங்கிற்று.

அந்த அரை நாளாவது மிஞ்சியிருக்கும். அப்போதுதான் ருக்மிணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாராம். கொல்லூருக்கும் போகலாமே, மூகாம்பிகையைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது என்றாராம். வீட்டில் எதையும் கேட்காத மனுஷி கேட்டுவிட்டார் என்று எல்லாருக்கும் மனம் இளகிவிட்டது. அரை நாளும் போயிற்று. மஞ்சப்பையா வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்ப வேண்டியது.

பாமா இதை ஸ்டாஃப் ரூம் வராந்தாவில் நின்று எனக்குச் சொன்னபோது பரீட்சை மார்க் வாசிப்பதுபோலச் சொன்னாள். நான் கத்தினேன். உன் திட்டத்தை எடுத்து அவர்கள் இஷ்டத்துக்குப் பங்கு போடுகிறார்கள், உன் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். சேஷகிரியைத் திட்டினேன், ஸ்ரீகண்டனைத் திட்டினேன், எல்லாரையும்விட அதிகமாக ருக்மிணியைத் திட்டினேன். ஆண்களுக்குத்தான் தெரியாது, ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? எந்த நேரத்தில் வந்து கொல்லூர் என்று வாயைத் திறப்பது?

"எதுக்குக் காடுன்னு ஆத்துல கேட்டா, ஜூடித். மழை விட்டப்புறம் உள்ள எத்தனை நேரம் பெய்யறதுன்னு பாக்கணும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சா" என்றாள் பாமா.

அடுத்த சனிக்கிழமை நானே மல்லேஸ்வரத்துக்குப் போனேன். எனக்கென்று அலமாரியில் ஒதுக்கி வைத்திருக்கிற டம்ளரில் காபி வந்தது. சேஷகிரி மரியாதையாகத்தான் பேசினார். காடுதானே, வழி நெடுக இருக்கிறது, வேன் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும் என்றார். பேசிக்கொண்டே மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூக்குப்பொடியை உறிஞ்சினார். பாமா அட்டைக்கென்று வாங்கி வைத்த டப்பா. நல்ல சரக்கு, இதைப் போய் சாக்ஸில் கொட்டுவதா என்று என்னிடமே கேட்டார். எனக்கு மேஜையும் டஸ்டரும் கிட்டே இல்லாமல் போயிற்று.

கடைசியில், வேனில் இடம் போதாது, டீச்சரம்மாவை இன்னொரு தடவை அழைத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு மட்டும் பாமா மசியவில்லை. ஜூடித் வராவிட்டால் நானும் வரவில்லை என்று ஒரே பேச்சு. அவள் எதிர்த்துப் பேசி அந்த வீடு பார்த்ததில்லை, அதனால் விட்டுக்கொடுத்தார்கள். வேனின் கடைசி வரிசையில், பம்ப் ஸ்டவ்வுக்கும் வாணலிக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. புளியோதரை வாசனையோடு தும்கூர், அரசிகெரே, ஷிமோகா என்று ஊர் ஊராகப் போனோம். முன்னால் யாரோ பாடினார்கள், பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பாமா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தீர்த்தஹள்ளி தாண்டியதும் மரம் அடர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் திரையை இறக்கச் சொன்னார் சேஷகிரி. வேன் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிற காட்டின் லட்சணம் இதுதான்.

மஞ்சப்பையாவின் வீடு பெரிய ஓட்டு வீடு. அவர்களும் ஆசாரம் பார்க்கிறவர்கள். எல்லாருக்கும் உள்ளே படுக்கை. எனக்குப் பாக்கு உலர்த்துகிற களத்துக்கு அப்பால், தனியாக இருந்த வெளியறை. கிறிஸ்தவச்சி, அங்கேதான் சௌகரியமாக இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அது புதிதில்லை. ஆனால் அந்த அறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால், வேலிக்கு அந்தப்புறம், காடு நின்றது. உள்ளே படுத்த பதின்மூன்று பேருக்கும் அது கிடைக்கவில்லை.

விடிந்தது. தூறிக்கொண்டிருந்தது. காபி ஆனதும் சிருங்கேரிக்குக் கிளம்ப வேண்டும் என்று சேஷகிரி எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பாமா களத்தின் ஓரத்தில் வந்து நின்று காட்டையே பார்த்தாள். கல்லெறிகிற தூரம்தான். டிரைவர் வேனைக் கழுவி முடிக்கிறவரை அவளுக்குக் காடு சொந்தம், அதற்குப் பிறகு திரை இறக்கிய ஜன்னல். போய் ஒரு பத்து அடியாவது உள்ளே வைத்துவிட்டு வா என்று சொல்ல நான் எழுந்திருப்பதற்குள் அவள் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்றிருந்த ருக்மிணியிடம் போய், இரண்டு எட்டு தள்ளி நின்று என்னவோ சொன்னாள்.

உடனே எல்லாரும் விலகினார்கள். ஓடி வந்த ஒரு குழந்தையை அதன் அம்மா பிடித்து இழுத்துக்கொண்டாள். சேஷகிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இந்த நேரத்திலா என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாமா தூரமாகிவிட்டாள். மாதத்தில் அந்த மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்கள் எதையும் தொடக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. கோயில் என்ற பேச்சே இல்லை. வேனிலோ அர்ச்சனைச் சாமான், மடிப் புடவை, பதினாலு பேர். எங்கே உட்கார வைப்பது? நடுவழியில் இப்படி ஒரு சங்கடத்தை உண்டாக்கிவிட்டாளே என்று அந்தச் சாமராஜபேட்டைத் தங்கை முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது. ஸ்ரீகண்டன் அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். நான்காம் நாள் குளித்த பிறகு வந்து அழைத்துக்கொண்டு போகலாம், அதுவரை இவள் இங்கே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. துணைக்கு யார்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத்தான் தீட்டு கிடையாதே.

ருக்மிணி ஒரு பாயும் தட்டும் டம்ளரும் கொண்டு வந்து வெளியறை வாசலில் வைத்தார். பாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு நாளும் உள்ள வந்துடாதே. நாலாம் நாள் தலைக்கு விட்டுண்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மஞ்சப்பையாவின் மனைவியும் தூரத்தில் நின்றே கன்னடத்தில் ஒன்று சொன்னார். தோட்டத்துக்குள் மட்டும் போய்விடாதீர்கள், பாக்கு மரத்தில் வெற்றிலைக் கொடி ஏற்றியிருக்கிறோம், இந்த நாளில் பெண்கள் கிட்டே போனால் கொடி வாடிவிடும். நடக்க வேண்டுமென்றால் காட்டுப் பக்கம் நடங்கள், அங்கே பரவாயில்லை.

வேன் கிளம்பிப் போனது. சத்தம் அடங்கியதும் என் கோபம் முழுக்க வெளியே வந்தது. ஒரு வெற்றிலைக்கு இருக்கிற மதிப்பு ஒரு மனுஷிக்கு இல்லையா, உன்னைக் குப்பை மாதிரி இங்கே கொட்டிவிட்டுப் போகிறார்களே, நீயும் பேசாமல் நிற்கிறாயே என்று நான் பொரிந்துகொண்டிருந்தேன். பாமா பெட்டியைத் திறந்து டெஸ்மண்டின் சாக்ஸை எடுத்தாள். ஒரு ஜோடியை என்னிடம் போட்டாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, இன்னொரு ஜோடியைக் காலில் இழுத்தாள்.

"வலி இல்லியா உனக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்கு வலிக்கணும்? எனக்கு இன்னும் பத்து நாள் இருக்கு" என்றாள்.

நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். சாது என்கிறார்களே, அந்தச் சாது, பதின்மூன்று பேரின் முகத்துக்கு நேரே பொய் சொல்லி, கோயில், ஆசாரம், தரிசனம் எல்லாவற்றையும் அவர்கள் வைத்த சட்டத்தைக் கொண்டே ஓரம்கட்டிவிட்டு, சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை. பட்டம் வாங்கியவள், சம்பாதிக்கிறவள். தன் ஆயுளில் மூன்று நாளைத் தனக்கென்று வைத்துக்கொள்ள, என்னைத் தொடாதீர்கள், நான் தீட்டு என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேண்டும் என்று சொன்னபோது சிரித்தார்கள். நான் அசுத்தம் என்று சொன்னதும் ஒரு கேள்வி இல்லாமல் வழி விட்டார்கள்.

மூன்று நாளும் நடந்தோம். விறகுக்குப் போகிறவர்களின் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அதைவிட்டு நாங்கள் விலகவில்லை. பாமா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றாள். மேலே பார்த்தால் வானம் இல்லை, இலைதான். அடிமரத்தில் பாசி, பாசியில் செடி, செடியில் பூ. தவளைகள் கத்தின, நாங்கள் கிட்டே போனதும் நிறுத்திக்கொண்டன. அட்டைகள் சாக்ஸ் மேல் ஏறின. மூக்குப்பொடி சேஷகிரியின் மூக்கில் அல்லவா இருக்கிறது? நான் ஏசுவே என்று அலறிக்கொண்டு சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். பாமா தன் காலில் கடித்ததை வெறுமே விரலால் தள்ளிவிட்டு நடந்தாள். தூரமாக இருக்கிறவள் எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வராமல் இருந்தால் போதும். சாப்பாடு நேரத்துக்கு வாசலில் வந்துவிடும். சமைக்க வேண்டாம், பரிமாற வேண்டாம், ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் நல்ல மழை. காட்டுக்குள் ஓடை வரைக்கும் போயிருந்தோம். குடையைத் தாண்டி நனைந்துவிட்டோம். கொட்டித் தீர்த்தது. இருட்டு கொஞ்சம் விலகியதும் திரும்பி நடந்து காட்டின் விளிம்புக்கு வந்தோம். எதிரே வயலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாமா வெளியே போய்க் கையை நீட்டினாள். ஒரு துளி இல்லை. மழை விட்டிருந்தது. திரும்பி உள்ளே வந்து நீட்டினாள். சடசடவென்று உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. குடையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வழியாக வழிந்தது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, நான் அழுதேன். இலைக்கு இலை அது இறங்கி வருகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கடைசித் துளியும் நின்ற பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, மணிக்கட்டில் கடிகாரம் இருக்கிறது என்பதே.

நான்காம் நாள் அவள் கிணற்றடியில் தலைக்குக் குளித்து, சுத்தமாகிவிட்டவளாக நின்றாள். வேன் வந்தது. சேஷகிரி இறங்கியதுமே ஜோக் போட்டோவைப் பற்றித்தான் பேசினார். எல்லாரும் வரிசையாக நின்று எடுத்திருக்கிறார்கள், பிரதி தபாலில் வருமாம். கூட்டம் தாங்கவில்லை, நிற்க இடமில்லை என்று பெருமையாகச் சொன்னார். பாவம், நீ ஒன்றுமே பார்க்கவில்லையே என்று பாமாவிடம் சொன்னபோது அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. பாமா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆண்கள் சாப்பிட உள்ளே போனார்கள். ருக்மிணி பிரசாதப் பொட்டலத்தோடு களத்தைத் தாண்டி வெளியறைக்கு வந்தார். பாமாவின் நெற்றியில் கொல்லூர்க் குங்குமத்தை வைத்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாக்ஸைப் பார்த்தார். அட்டை கடித்த இடத்தில் ரத்தக் கறை இன்னும் போகவில்லை.

"நீ தூரமில்லேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், பாமா. ஒரே ஆத்துல இருக்கோம், நாள் தெரியாதா?"

பாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன். ருக்மிணி என்னைக் கவனிக்கவில்லை. ஜன்னலண்டை போய் வெளியே பார்த்தார்.

"உள்ள பெஞ்சுதா?" என்று கேட்டார்.

"பெஞ்சுது, மன்னி. ரொம்ப நேரம்."

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர் அன்றைக்கு எதற்காகக் கொல்லூர் என்று கேட்டீர்கள், அதனால்தானே இவளுக்கு இருந்த அரை நாளும் போயிற்று என்று கேட்டேவிட்டேன்.

"நான் வேற என்னன்னு கேக்கறது, டீச்சர்? இந்த ஆத்துல சாமி பேரைச் சொன்னாத்தான் வாசப்படி தாண்டலாம். இவளுக்காவது இப்படி ஒரு சாக்கு இருக்கு. எனக்கு அதுவும் இல்லேன்னு ஆகி மூணு வருஷமாச்சு."

பாமா கொடியிலிருந்து சாக்ஸை எடுத்தாள். மண்டியிட்டு ருக்மிணியின் காலைப் பிடித்து ஒன்றை மாட்டினாள். வேலியோரம் வரைக்குமாவது வாங்கோ மன்னி என்றாள். ருக்மிணி மறுக்கவில்லை. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வயதில், ஒரு காலில் சிவப்புக்கோடு போட்ட ஃபுட்பால் சாக்ஸோடு நின்றார். இரண்டாவதை மாட்டுவதற்குள் களத்தில் ஹாரன் அடித்தது. சாப்பிட்டாகிவிட்டது, ருக்மிணி எங்கே, நேரமாகிறது என்று சேஷகிரியின் குரல். ருக்மிணி குனிந்து சாக்ஸைக் கழற்றினார். நான்காக மடித்து பாமாவின் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பாமா இப்போது மழைக்காடு பாடம் எடுக்கும்போது புத்தகத்தை மேஜையிலேயே வைத்துவிடுகிறாள். தடுப்புக்கு இந்தப்புறம் நான் கணக்கை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். மல்லேஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவும் கண்ணில் படுகிறது. எல்லாரும் காமிராவைப் பார்த்து நிற்கிறார்கள், ருக்மிணி மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். பாமாவுக்குக் குடுத்து வைக்கவில்லை என்று சேஷகிரி சொல்லிக்கொண்டே இருக்கிறார். குடுத்து வைக்காதவர் படத்திலேயே, உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார் ஐயா என்று நான் அவரிடம் சொல்லத்தான் போகிறேன்.